பத்து நிறம், பத்து இலக்கம்: மின்தடையாக்கிக் குறியீட்டின் வரலாறு

மின்னணுக் கருவி எதைத் திறந்தாலும் அதன் உட்பலகையில் எண்ணிக்கையில் மிகுந்து காணப்படுவது மின்தடையாக்கி என்னும் சிற்றுறுப்பே. கடைத்தெருவிலும் பழுதுபார்ப்போர் பேச்சிலும் ரெசிஸ்டர் என்று வழங்கும் இது, தன் வழியே செல்லும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி, சுற்றின் ஒவ்வோர் இடத்திலும் வேண்டிய அளவு மின்னழுத்தம் நிலைக்கும்படி செய்கிறது. அதன் மதிப்பு ஓம் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. ஆனால் உருவத்தைக் கொண்டு அந்த மதிப்பை அறிய வழியில்லை. நூறு ஓம் கொண்டதும் பத்து லட்சம் ஓம் கொண்டதும் ஒரே நீளத்தில், ஒரே பருமனில், இரு முனையிலும் கம்பி நீட்டிக்கொண்டு அருகருகே கிடக்கும். அவற்றைப் பிரித்தறிய உதவுபவை உடலைச் சுற்றித் தீட்டப்பட்ட வண்ண வளையங்கள். இந்த வளையங்களின் பொருளை வகுத்தவர்கள் அறிவியலாளர்கள் அல்லர். வானொலிப் பெட்டி செய்து விற்ற வணிகர்கள். அவர்கள் தம் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக உலகெங்கும் பாடநூல்களில் இடம்பிடித்து நிற்பதற்குக் காரணம் அதன் நேர்த்தி என்பதைவிட, அதைப் படிக்கப் பழகிவிட்ட கண்களின் எண்ணிக்கை என்பதே பொருந்தும்.

மின்தடை என்ற கருத்துக்குக் கணித வடிவம் தந்தவர் ஜெர்மானிய ஆசிரியர் கியோர்க் சைமன் ஓம்; அவருடைய நூல் 1827இல் வெளிவந்தது. அவர் பெயரால் அமைந்த அலகை 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் மின்தடை என்பது பெரும்பாலும் தந்தி நிலையங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் கம்பிச் சுருளாக இருந்த ஒன்று. மரப்பெட்டிக்குள் சுருளை வைத்து, பித்தளைத் தகட்டில் மதிப்பைப் பொறித்துவிட்டால் போதும். பெட்டி பெரிது, எண்ணிக்கை சிறிது, பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றவர்கள் என்பதால் அடையாளம் காட்டுவது ஒரு சிக்கலாகவே எழவில்லை.

நிலைமை மாறியது வானொலி வீட்டுக்குள் வந்தபோது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2 அன்று தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியதை அடுத்துச் சில ஆண்டுகளுக்குள் வானொலிப் பெட்டிகள் இலட்சக்கணக்கில் விற்கத் தொடங்கின. தொடக்ககாலப் பெட்டிகளில் மின்தடையாக்கி ஒன்றிரண்டே இருக்கும். அவற்றுள் அனைவருக்கும் அறிமுகமானது ‘கிரிட் லீக்’ எனப்பட்டது. வால்வு எனப்பட்ட வெற்றிடக் குழாயின் கிரிட் என்ற வலைக்கம்பியில் தேங்கும் மின்னூட்டத்தை மெல்ல வடியவிடும் இது, பெரும்பாலும் இருபது லட்சம் ஓம் அளவில், இரு முனையிலும் உலோகத் தொப்பி அணிந்த சிறு கண்ணாடிக் குழாயாக, இரண்டு கவ்விகளுக்கு நடுவே செருகி வைக்கப்பட்டிருக்கும். மதிப்பு காகிதச் சீட்டில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும். மின்கலத்தை விட்டு வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெட்டிகள் 1920களின் பிற்பாதியில் பரவி, ஒரே உயரழுத்த வழங்கியிலிருந்து பல வால்வுகளுக்குப் பல அளவுகளில் மின்னழுத்தம் பிரித்துத் தரவேண்டிய தேவை ஏற்பட்ட பிறகு, ஒரு பெட்டிக்குள் மின்தடையாக்கிகளின் எண்ணிக்கை பெருகிற்று. கவ்வியும் கண்ணாடிக் குழாயும் காகிதச் சீட்டும் அந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்கும் பொருள்கள் அல்ல.

அவற்றின் இடத்தைப் பிடித்தது கரிக் கலவை மின்தடையாக்கி. கரித்தூளையும் மின்கடத்தாத தூளொன்றையும் பிசினுடன் கலந்து, சிறு தண்டாக அழுத்தி, சூட்டில் இறுகச் செய்து அது உருவாக்கப்பட்டது. கரியின் விகிதம் கூடினால் தடை குறையும், குறைந்தால் தடை கூடும். மலிவும் எளிமையும் அதன் சிறப்பு என்றால், சொன்ன மதிப்புக்கு இணங்காமை அதன் இயல்பு. ஒரே கலவையிலிருந்து, ஒரே அச்சில், ஒரே நாளில் எடுத்த தண்டுகள் கூட அளந்து பார்க்கும்போது வேறுவேறு மதிப்பு காட்டும். எனவே ஆலையில் முதலில் செய்து, பின்னர் ஒவ்வொன்றாக அளந்து, மதிப்புக்கேற்ப வெவ்வேறு பெட்டிகளில் பிரித்துப் போட்டு, அதன் பிறகே அடையாளம் இடும் முறை ஏற்பட்டது. மின்தடையாக்கியின்மீது உள்ள நிறம் செய்தவனின் நோக்கத்தைச் சொல்வதைவிட அளந்தவனின் தீர்ப்பைச் சொல்கிறது என்பது இதனால் விளங்கும். குறியீட்டின் பல விசித்திரங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடையாளம் இடுவதில் தொழிற்சாலைகள் சந்தித்த தொல்லை மிக எளிய ஒன்று. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உருண்டை உடலில் ‘250000’ என்று அச்சிடுவது கடினம். அச்சிட்டாலும் வால்வின் சூட்டிலும் கைபட்ட எண்ணெயிலும் அழியும். அழியாமல் நின்றாலும், பெட்டிக்குள் பொருத்தும்போது எழுத்துள்ள பக்கம் கீழே திரும்பிவிட்டால் பயனில்லை. ஆனால் உடலுக்கு எப்படியும் ஒரு பூச்சு வேண்டியிருந்தது. அந்தப் பூச்சையே எண்ணாக்கிவிடலாம் என்ற எண்ணம் இத்தேவையிலிருந்து பிறந்தது. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நிற வழக்கை வைத்துக்கொண்டால் குழப்பம் தீராது. சிகாகோவில் 1924இல் தோன்றிய வானொலி உற்பத்தியாளர் சங்கம், அதாவது ஆர்.எம்.ஏ. என்று சுருக்கமாகக் குறிக்கப்பட்ட அமைப்பு, உறுப்பினர்களிடையே பொதுத் தரங்களை ஏற்படுத்தும் பணியை மேற்கொண்டபோது, நிறக்குறியீடும் அப்பணியில் ஒரு பகுதியாயிற்று. 1930களில் அது அமெரிக்கத் தொழில்துறையின் பொது வழக்காக நிலைபெற்றது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அக்காலத்தில் புதுப்பெட்டி வாங்க இயலாதோர் பழைய பெட்டியைச் செப்பனிட்டே காலம் கழித்ததால், பழுதுபார்ப்போருக்குச் சுற்று வரைபடம் கிடைக்காதபோதும் கருகாத உறுப்பின் மதிப்பைப் பார்த்தே அறிய உதவிய இக்குறியீடு, செய்தவர்களைக் காட்டிலும் செப்பனிட்டவர்களிடமே வேகமாக வேர்விட்டது.

முதல் வடிவத்தில் வளையங்கள் இல்லை என்பது இன்றைய வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். கரித்தண்டின் இரு முனைகளிலும் கம்பியைச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த அக்கால மின்தடையாக்கி, நடுவில் ஒடுங்கி முனைகளில் தடித்திருந்ததால் அமெரிக்கர்கள் அதை ‘நாய் எலும்பு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதன் உடல் முழுவதும் தீட்டிய நிறம் முதல் இலக்கத்தைக் குறித்தது. ஒரு முனையின் நிறம் இரண்டாம் இலக்கம். உடலின் நடுவே இட்ட புள்ளியின் நிறம், அவ்விரு இலக்கங்களுக்குப் பின் எத்தனை சுழியங்கள் என்பதைக் காட்டியது. உடல் சிவப்பு, முனை பச்சை, புள்ளி மஞ்சள் என்றால் இரண்டு, ஐந்து, நான்கு சுழியங்கள். ஆக 2,50,000 ஓம். முறை எளிது, ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருந்தது. உடலும் முனையும் புள்ளியும் ஒரே நிறமாக அமையும் மதிப்புகளில், புள்ளி உடலோடு கலந்து மறைந்துவிடும். 2,200 ஓம் கொண்ட மின்தடையாக்கி முழுக்கச் சிவப்பாக, எந்தக் குறியும் இல்லாததுபோல் கிடக்கும். புள்ளி தென்படவில்லை என்றால் அது உடலின் நிறமே எனக் கொள்ளவேண்டும் என்பது பழுதுபார்ப்போர் கற்ற முதல் விதிகளுள் ஒன்று. இல்லாமையைப் படித்தறிய வேண்டிய குறியீட்டை நல்ல குறியீடு என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

நிறங்களின் வரிசையோ இதற்கு மாறாக, நன்கு யோசித்துச் செய்யப்பட்டது. கருப்பு சுழியம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து, நீலம் ஆறு, ஊதா ஏழு, சாம்பல் எட்டு, வெள்ளை ஒன்பது. சிவப்பு முதல் ஊதா வரை உள்ள ஆறும் வானவில்லின் வரிசையே. நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் ஏழாக எண்ணிய நிறங்களில், நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையிலான கருநீலம் மட்டும் விடப்பட்டிருக்கிறது. சிறு பூச்சுப் புள்ளியில் நீலத்திலிருந்து அதைப் பிரித்தறிவது யாருக்கும் இயலாது என்பதால் அந்த விடுதல் தகும். ஆறு நிறங்களுக்கு முன்னே இருளின் பக்கத்தில் கருப்பும் பழுப்பும், பின்னே ஒளியின் பக்கத்தில் சாம்பலும் வெள்ளையும் சேர்ந்து பத்து நிறைகின்றன. ஒளியே இல்லாத கருப்பு ஒன்றுமில்லாத சுழியத்துக்கும், எல்லாம் கலந்த வெள்ளை உச்ச இலக்கத்துக்கும் அமைந்தது மனப்பாடத்துக்குப் பெருந்துணை. இக்குறியீட்டில் ஏறத்தாழ நூறாண்டுகளாக எவரும் கைவைக்காத பகுதி இந்தப் பத்து நிற வரிசை ஒன்றே.

வளையங்கள் வந்தது மின்தடையாக்கியின் உடல் மாறியதால். முனைகளின் நடுவிலிருந்து நேர்கோட்டில் கம்பி நீளும்படியும், கரித்தண்டைச் சுற்றி மின்கடத்தாத உறை இருக்கும்படியும் வார்த்தெடுக்கும் முறை பரவியபோது, உடல் சீரான உருளையாயிற்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஆலன்-பிராட்லி நிறுவனம் சூட்டில் அழுத்தி வார்த்த மின்தடையாக்கிகள் இவ்வகைக்குப் பெயர்பெற்றவை. உருளையைச் சுழலவிட்டு, வண்ணம் தோய்ந்த சக்கரத்தை அதன்மீது பட வைத்தால் ஒரு சுற்றில் வளையம் விழுந்துவிடும். உருளை எப்படித் திரும்பியிருந்தாலும் அச்சுக்குக் கவலையில்லை, பொருத்திய பின் எப்பக்கம் மேலே இருந்தாலும் கண்ணுக்குக் கவலையில்லை. இரண்டாம் உலகப்போரின் பெருந்தேவையும், அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் கூட்டாக வகுத்த உறுப்புத் தரங்களும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. உடல், முனை, புள்ளி என்ற பழைய முறை 1940களில் ஒதுங்க, ஒரு முனையை ஒட்டி அடுத்தடுத்து அமைந்த நான்கு வளையங்கள் அதன் இடத்துக்கு வந்தன. முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது சுழியங்களின் எண்ணிக்கை. நான்காவது பிழை வரம்பு. மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 4, 7, இரண்டு சுழியங்கள். அதாவது 4,700 ஓம், ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். பத்து ஓமுக்குக் குறைந்த மதிப்புகளுக்கு மூன்றாம் வளையமாகத் தங்க நிறம் வந்தால் பத்தால் வகுக்கவேண்டும். வெள்ளி நிறம் வந்தால் நூறால் வகுக்கவேண்டும்.

பிழை வரம்பு என்பது தனியே விளக்கப்பட வேண்டியது. ஏனெனில் நிறக்குறியீடு இரண்டே இலக்கங்களோடு நின்றதற்கும், கடையில் 5,000 ஓம் கேட்டால் 4,700 அல்லது 5,100 தருவதற்கும் அதுவே காரணம். கரிக் கலவையில் துல்லியம் கைகூடாது என்பதை ஒப்புக்கொண்ட உற்பத்தியாளர்கள், குறித்த மதிப்பிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையும் உடலிலேயே எழுதினர்: தங்கம் ஐந்து விழுக்காடு, வெள்ளி பத்து, நான்காம் வளையமே இல்லையெனில் இருபது. இருபது விழுக்காடு விலகக்கூடிய பொருளுக்கு மூன்றாம் இலக்கம் எழுதுவது வீண். தொடக்கத்தில் மதிப்புகள் 25,000, 50,000 என்று முழு எண்களாக விளங்கின, 1936இல் ஆர்.எம்.ஏ. அமைப்பு இதைவிடுத்து, பெருக்கு வரிசையில் அமைந்த மதிப்புகளை ஏற்றது. இக்கருத்தின் முன்னோடி 1870களில் பிரெஞ்சுப் படையின் பலூன் பிரிவில் பணிபுரிந்த சார்ல் ரெனார் என்ற பொறியாளர். கயிறுகளின் அளவுகளை ஒரே விகிதத்தில் ஏறும் வரிசையாக்கி, 425 வகையாக இருந்த பலூன் கயிறுகளை 17ஆகக் குறைத்தவர் அவர்.

மின்தடையாக்கிகளுக்கு இதைப் பொருத்தியபோது கிடைத்த விளைவு அழகானது. இருபது விழுக்காட்டு வரிசையில் 10, 15, 22, 33, 47, 68 என்ற ஆறு எண்களே உள்ளன. பத்தின் மேல் எல்லை 12, பதினைந்தின் கீழ் எல்லையும் 12; இருபத்திரண்டின் மேல் எல்லை 26.4, முப்பத்துமூன்றின் கீழ் எல்லையும் 26.4. ஏனைய இடங்களில் எல்லைகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். எங்கும் இடைவெளி இல்லை. அதாவது ஆலையிலிருந்து எந்த மதிப்பில் தண்டு வெளிவந்தாலும் அது ஏதேனும் ஒரு பெட்டிக்கு உரியதாகிவிடும். கழித்தெறிய வேண்டிய சரக்கு என்று எதுவும் இராது. பத்து விழுக்காட்டுக்குப் பன்னிரண்டு எண்கள், ஐந்து விழுக்காட்டுக்கு இருபத்துநான்கு என வரிசை அடர்ந்தது. கணக்கின்படி 3.2 வரவேண்டிய இடத்தில் 3.3 என்றும், 4.6 வரவேண்டிய இடத்தில் 4.7 என்றும் உள்ள சிறு பிசகுகளை, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.ஈ.சி. 1952இல் இவ்வரிசையைத் தரமாக வெளியிட்டபோதும் திருத்தவில்லை. ஏற்கெனவே உலகெங்கும் செய்து குவித்த சரக்கு அந்த எண்களைத்தான் தாங்கியிருந்தது. கணிதத்துக்காகச் சரக்கை மாற்ற எந்த வணிகரும் முன்வருவதில்லை.

நிறக்குறியீடும் அதே 1952இல் ஐ.ஈ.சி. 62 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாயிற்று. அதைப் பெற்றெடுத்த சங்கம் இதற்கிடையில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. தொலைக்காட்சி வந்ததும் 1950இல் அதன் பெயரில் தொலைக்காட்சியும், 1953இல் மின்னணுவியலும் சேர, 1957இல் மின்னணுத் தொழில்துறைச் சங்கம் எனப் பொருள்படும் ஈ.ஐ.ஏ. என்ற பெயரில் நின்றது. அமெரிக்கத் தரம் 1963இல் ஆர்.எஸ். 279 என்று எண்ணிடப்பட்டது, 1968இல் ஐ.ஈ.சி. தரம் மின்தேக்கிகளையும் உள்ளடக்கி விரிந்தது. ஜெர்மனி 1973இலும் பிரிட்டன் 1974இலும் தத்தம் தேசியத் தரங்களில் இதை ஏற்க, இந்தியா 1976இல் ஐ.எஸ். 8186 என்ற தரத்தின் வழியாக ஏற்றது. அத்தரத்தை வெளியிட்ட இந்தியத் தர நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. 1987இல் அது இந்தியத் தர அமைவனமாக மாறியது. ஆனால் தர ஏடு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்நாட்டு வானொலி மெக்கானிக்குகள் இந்நிறங்களை அன்றாடம் படித்துக்கொண்டிருந்தனர்.

ஓரிடத்தில் வெற்றி பெற்ற குறியீட்டை எல்லா இடத்துக்கும் நீட்டும் ஆசையிலிருந்து மின்னணுத் தொழிலும் தப்பவில்லை. வானொலிப் பெட்டியின் உட்கம்பிகளுக்கே இவ்வரிசை பரிந்துரைக்கப்பட்டது: தரையிணைப்புக்குக் கருப்பு, வால்வைச் சூடேற்றும் இழைக்குப் பழுப்பு, உயரழுத்த வழங்கிக்குச் சிவப்பு எனத் தொடர்ந்தது அது. மின்தேக்கிகளில், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகளில், விளைவு படுகுழப்பம். அஞ்சல்தலை போன்ற தட்டையான அபிரக மின்தேக்கிகளின்மீது மூன்று புள்ளிகள் ஒரு முறை, ஆறு புள்ளிகள் இன்னொரு முறை. முதற்புள்ளி கருப்பா, வெள்ளையா, வெள்ளி நிறமா என்பதைப் பொறுத்து இராணுவத் தரமா, வணிகத் தரமா என்பது மாறி, மீதிப் புள்ளிகளின் பொருளும் இடம்பெயர்ந்தது. பிற்காலத்தில் ஐரோப்பாவில் வந்த பாலியெஸ்டர் மின்தேக்கிகள் உடல் முழுவதும் பட்டை பட்டையாக நிறம் கொண்டு, ‘வெப்பமண்டல மீன்கள்’ என்ற செல்லப்பெயர் பெற்றன. இன்று அவற்றைத் தேடி வாங்குவோர் பெரும்பாலும் பழைய கருவிகளை நேசிப்பவர்களே. டயோடுகளிலும் வகை எண்ணை வளையங்களால் எழுதும் வழக்கம் சிலகாலம் இருந்தது. இவற்றில் எதுவும் மின்தடையாக்கியில் பெற்ற நிலைபேற்றைப் பெறவில்லை. ஏனென்றால் மின்தேக்கிக்கு மதிப்போடு தாங்கும் மின்னழுத்தம், வெப்பத்தால் மாறும் அளவு, பொருளின் வகை என்று சொல்லவேண்டியவை பல, அத்தனையையும் சுமக்க நிறத்துக்கு வலுவில்லை.

மின்தடையாக்கியிலேயும் சுமை ஏறத்தான் செய்தது. உலோகப் படலத்தால் ஆன துல்லிய வகை பரவி, ஒரு விழுக்காட்டுப் பிழை என்பது மலிவு விலையிலேயே கிடைக்கத் தொடங்கியதும் மூன்று இலக்கங்கள் தேவைப்பட்டன, வளையங்கள் ஐந்தாயின. ஒரு விழுக்காட்டைப் பழுப்பும் இரண்டு விழுக்காட்டைச் சிவப்பும் காட்டின. இங்கே பழைய முறை தந்த ஒரு பாதுகாப்பு கைவிட்டுப் போயிற்று. தங்கமும் வெள்ளியும் முதல் வளையமாக வர முடியாது என்பதால், நான்கு வளைய மின்தடையாக்கியை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்ற ஐயமே எழாது. பழுப்போ முதல் இலக்கமாகவும் வரும், பிழை வரம்பாகவும் வரும். பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு என்பது 10,000 ஓம். அதையே மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, அதாவது 120 ஓம். இரண்டும் கடையில் கிடைக்கும் மதிப்புகளே. இரண்டுக்கும் பிழை வரம்பு ஒன்றே. கடைசி வளையத்துக்கு முன் சற்றுக் கூடுதல் இடைவெளி விடவேண்டும், அல்லது அதை அகலமாகத் தீட்டவேண்டும் என்பதே இதற்குத் தரும் பரிகாரம். அரிசிமணி அளவே உள்ள உடலில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதைவிட மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்து அளந்துவிடுவது விரைவானது என்பதைப் பணியில் இருப்போர் அனைவரும் அறிவர். போதாக்குறைக்கு, அமெரிக்க இராணுவத் தரத்தில் நான்கு வளையங்களுக்குப் பின் வரும் ஐந்தாவது வளையம் முற்றிலும் வேறொன்றைச் சொன்னது: ஆயிரம் மணிநேரப் பயன்பாட்டில் எத்தனை விழுக்காடு பழுதாகும் என்ற நம்பக அளவு. ஆறாவதாக, வெப்பநிலை ஏறும்போது மதிப்பு எவ்வளவு நகரும் என்பதற்கு இன்னொரு வளையமும் வந்து சேர்ந்தது. வளையம் கூடக்கூடத் தெளிவு குறைந்தது என்பதே இதன் சுருக்கம்.

இவற்றுக்கு நடுவே நகைப்பூட்டும் ஒரு பிறவியும் உண்டு: உடலின் நடுவே ஒற்றைக் கருப்பு வளையம் மட்டும் கொண்ட மின்தடையாக்கி. அதன் மதிப்பு சுழியம். தடையே இல்லாத தடையாக்கி எதற்கு என்றால், அது உண்மையில் ஒரு துண்டுக் கம்பி. மின்சுற்றுப் பலகையில் ஒரு தடத்தைத் தாண்டி மறுதடத்துக்குப் போவதற்கான பாலம். உறுப்புகளைப் பலகையில் தானே செருகும் இயந்திரங்கள் மின்தடையாக்கியின் வடிவத்தை எளிதில் கையாளும் என்பதால், கம்பிக்கு மின்தடையாக்கி வேடம் இடப்பட்டது.

நிறத்தை நம்பிய முறைக்குக் கண்ணே எல்லை. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறையுள்ளோர், வட ஐரோப்பிய மரபினரான ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேர். பெண்களில் இருநூற்றுக்கு ஒருவர். ஆண்களே நிறைந்திருந்த தொழிலுக்கு இத்தகைய குறியீட்டை வகுத்ததன் பொருத்தமின்மை வெளிப்படை. குறையற்ற கண்ணுக்கும் தொல்லை உண்டு: நெடுநாள் சூட்டில் சிவப்பு பழுப்பாகும், ஆரஞ்சு சிவப்பாகும், மங்கிய விளக்கில் ஊதாவும் சாம்பலும் ஒன்றாகத் தோன்றும், உலோகப் படல வகைக்கு வழக்கமான நீல உடலின்மீது வளையத்தின் உண்மை நிறம் மயங்கும். இதைவிட நுட்பமான குறை ஒன்று கரிக் கலவை வகைக்கே உரியது. ஈரத்தை உறிஞ்சியும் சூடேறியும் ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் தடை பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும். ஐம்பது ஆண்டுப் பழைய வானொலியில் நிறங்கள் பளிச்சென்று இருக்க, உள்ளே மதிப்பு எல்லை கடந்து போயிருப்பது பொது அனுபவம். ஆலையில் அளந்த அன்றைய தீர்ப்பைத்தான் வளையம் சொல்லும். அதற்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது.

இத்தனை குறைகளோடும் குறியீடு பரவியதில் நினைவு வாக்கியங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆங்கில நிறப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த வாக்கியங்கள் அமெரிக்க, பிரிட்டிஷ் பயிற்சிக்கூடங்களில் ஏராளமாக வழங்கின. அவற்றுள் பல பெண்களையும் கருப்பினத்தவரையும் இழிவுபடுத்தியவை; பாடநூல்கள் அவற்றைக் கைவிட்டது நியாயமே. இந்தியாவில், தமிழ்நாட்டு வகுப்பறைகள் உட்பட, பல தலைமுறை மாணவர்கள் கற்றது கிரேட் பிரிட்டனைச் சேர்ந்த பி.பி. ராய் என்பவருக்கு மிக நல்ல மனைவி வாய்த்ததைக் கூறும் சாதுவான ஆங்கில வாக்கியம். ராய் என்பவர் எங்கும் வாழ்ந்தவர் அல்லர். பத்து எழுத்துகளை அடுக்குவதற்காகப் பிறந்த பெயர் அது. மேனிலைப் பள்ளி இயற்பியல் தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தந்ததோடு மறந்துபோனவர்களும், சென்னை ரிச்சி தெருவின் உதிரிபாகக் கடைகளில் நிறம் பார்த்தே பொட்டலம் கட்டியவர்களும் ஒரே வாக்கியத்தின் மாணவர்களே. மேலைநாட்டு உறுப்பு நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தந்த, நிறங்களைத் திருப்பினால் எண் தெரியும் அட்டைச் சக்கரமும் இதே பணியைச் செய்தது.

1980களில் உறுப்புகளைப் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டிப் பற்றவைக்கும் முறை பெருவழக்கானபோது மின்தடையாக்கி தட்டையான சில்லாயிற்று. தட்டையான முகத்தில் எழுத்தை அச்சிட முடியும். எந்திரம் அதை எப்போதும் முகம் மேலே இருக்கும்படி வைக்கும். நிறத்தைக் கேட்ட இரு காரணங்களும் இவ்வாறு ஒருசேர நீங்கின. ஆயினும் சில்லின்மீது அச்சிட்ட ‘472’ என்பதை நானூற்று எழுபத்திரண்டு ஓம் என்று படிக்கக்கூடாது. 4, 7, இரண்டு சுழியங்கள், அதாவது 4,700 ஓம். வண்ணம் போன பின்னும் வண்ணக் குறியீட்டின் இலக்கணம் அப்படியே தொடர்கிறது: வானொலிப் பெட்டியின் உடல், முனை, புள்ளி வகுத்த அதே மூன்று இடங்கள், அதே வரிசையில். ஒரு விழுக்காட்டு வகைக்கு ‘01சி’ என்பதுபோல் பட்டியல் பார்த்தே படிக்கவேண்டிய குறியீடு ஒன்றும் ஈ.ஐ.ஏ. பெயரில் வழங்குகிறது, நினைவில் நிற்காத அதை மெக்கானிக்குகள் விரும்பியதில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட 0402 என்ற அளவிலும் அதற்குக் கீழும் பொதுவாக எழுத்தும் இல்லை, நிறமும் இல்லை. மதிப்பு, சில்லுகளைச் சுற்றிவைத்த சுருளின்மீது ஒட்டிய சீட்டில் மட்டுமே இருக்கும். சீட்டு கிழிந்துவிட்டால் அளந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கம்பி நீண்ட மின்தடையாக்கிகள் இன்றும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகின்றன. மின்வழங்கிகளிலும் பயிற்சிக்கூடங்களிலும் பொழுதுபோக்காளர்களின் மேசைகளிலும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. குறியீட்டை ஈன்ற அமெரிக்கச் சங்கம் 2011இல் தன் செயல்பாட்டை முடித்துக்கொண்டது. ஆனால் ஐ.ஈ.சி. 60062 என்று எண் மாறிய தரம் தொடர்ந்து திருத்தப்படுகிறது. அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆயிரத்தால் வகுப்பதைக் குறிக்க, இளஞ்சிவப்பு என்ற புதிய நிறம் இடம்பெற்றிருக்கிறது.